பலகைக்கு அப்பால் பாதி ஜெபம்

அடைக்கலமேரியின் ஜெபமாலை ஞாயிறுதோறும் ஒரே நேரத்தில் கீழே விழும். இரண்டாம் பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சாமியார் கைகளை விரித்ததும் அது தரையில் விழுந்து கலகலக்கும். அவள் குனிவாள். பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பாள். முன்னால் இருப்பவளின் முந்தானையை விலக்கிப் பார்ப்பாள். காலடியிலேயே கிடக்கும் மாலை அவள் கண்ணுக்குப் படுவதற்குள் பெண்கள் பக்கம் முழுவதும் கும்பிட்டு முடித்து, மறுபடி பீடத்தின் பக்கம் திரும்பியிருக்கும்.

"மேரியக்கா மாலைக்கு மட்டும் கோயில் கடியாரம் மாரி நேரம் தெரிது பாரு" என்று பின்னாலிருந்து யாராவது கிசுகிசுப்பார்கள். அவள் காதில் விழும். விழாத மாதிரி இருந்துவிடுவாள்.

சமாதானம் சொல்லும் அந்தப் பழக்கம் ராயபுரத்துக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பூசை லத்தீனில் நடந்த காலத்தில் யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. சாமியாரே முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார். பூசை தமிழுக்கு வந்ததும் பீடத்தைத் திருப்பிப் போட்டார்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்பி 'சமாதானம்' என்று சொல்லச் சொன்னார்கள். அடைக்கலமேரிக்கு அது சாமியார் தனக்கென்றே கண்டுபிடித்த தண்டனைபோலப் பட்டது. ஏனென்றால், மூன்றாவது தூணுக்கு அருகே, பதினான்கு வருஷமாக அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூசை பார்ப்பவள் ஆலிஸ். ஆலிஸோடு அவளுக்குப் பேச்சு இல்லை.

இருவர் வீடும் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரே சந்தில் இருந்தன. ஒரு காலத்தில் அது ஒரே வீடுதான். சொந்தக்காரர் இரண்டு வாடகைக்கு ஆசைப்பட்டு, துறைமுகத்தில் ஏலத்துக்கு வந்த பெட்டிப் பலகைகளை வாங்கி நடுவில் அடித்துவிட்டார். அதில் ஒரு பலகையில், இந்தப் பக்கம் மேலே என்று காட்டும் அம்புக்குறி தலைகீழாகத் தரையைக் காட்டிக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் கரண்டி விழுந்தால் அந்த வீட்டில் "இன்னாக்கா விழுந்துச்சு?" என்று கேட்பார்கள்.

அந்தப் பலகையால் இரண்டு வீட்டுக்கும் ஒரு வழக்கம் உண்டாயிற்று. சாயங்காலம் ஏழு மணிக்கு அடைக்கலமேரி இந்தப் பக்கம் ஜெபமாலையைத் தொடங்குவாள். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு மந்திரம். அதன் முதல் பாதியை இவள் சொல்வாள். மரண நேரத்தில் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று முடியும் இரண்டாம் பாதி, பலகைக்கு அந்தப் பக்கமிருந்து ஆலிஸின் குரலில் வரும். ஆலிஸ் கீரை ஆய்ந்துகொண்டே சொல்வாள், பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டே சொல்வாள். ஐம்பத்து மூன்று மணியும் இப்படியே போகும். இரு வீட்டுக்காரர்களும் தனியாக ஜெபம் சொன்னதே இல்லை.

எழுபதாம் வருஷம் தவக்காலத்தில் ஒரு விடியற்காலை அது நின்றது.

அன்று ஐந்து மணிக்கு அடைக்கலமேரியின் கணவர் சிலுவைமுத்து, துறைமுகத்தில் பளு இறக்கும் தொழிலாளி, உடம்பெல்லாம் வேர்த்து எழுந்து உட்கார்ந்தார். மார்பைப் பிடித்துக்கொண்டார். பேச்சு வரவில்லை. அவள் போட்ட சத்தத்தில் ஆலிஸ் தலையை முடிந்துகொண்டே ஓடிவந்தாள். "நீ மாமாகிட்டயே இருக்கா, நான் போயி சாமியார இட்டாறேன்" என்று ஓடினாள். ஆலிஸின் புருஷன் ஜார்ஜ் ரிக்‌ஷா தேடிப் போனான். ரிக்‌ஷா வரவில்லை. சாமியார் வந்தார். சாகிறவர்களுக்குப் பூசும் எண்ணெய்ச் சிமிழை அவர் திறந்து நெற்றியில் பூசும்போது நெற்றி குளிர்ந்துகொண்டிருந்தது. உயிர் முழுக்க அடங்கியிருக்காது, தைரியமாக இருங்கள் என்றார். புருஷனின் தலையை மடியில் வைத்திருந்தவளுக்கு அது எப்போது அடங்கியது என்று தெரியும்.

மூன்றாம் நாள், துக்கம் கேட்க வந்த எதிர்வீட்டுப் புஷ்பவல்லி போகிற போக்கில் சொன்னாள். "இன்னா பண்றது, குழாயில தண்ணி வந்த நேரம். ஆலிசு கொடத்த வச்சிகினு நின்னுகினு இருந்துச்சு. அப்பால தான் கோயிலு பக்கம் ஓடிச்சு. ரெண்டு கொடம் புடிக்க எம்மாம் நேரம் ஆவுது?"

அவ்வளவுதான். அன்று மாலை ஏழு மணிக்குப் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து ஆலிஸே ஜெபத்தைத் தொடங்கினாள். முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். காத்திருந்தாள். இந்தப் பக்கம் அடைக்கலமேரி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் அந்தக் குரல் வரவில்லை.

அதன்பிறகு அடைக்கலமேரி இரண்டு பாதியையும் தானே சொல்லிக்கொண்டாள். மரண நேரம் என்று வரும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு வார்த்தைக்காக, பத்துப் பத்து மணியாக உருட்டுவதை ஐந்தைந்தாகக் குறைத்தாள். கொஞ்ச நாளில் உதடு மட்டும் அசைந்தது.

மகள் வியாசர்பாடியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வீட்டில் அடைக்கலமேரி ஒண்டிக்கட்டை. புருஷனோடு வேலை பார்த்தவர்கள் சொல்லி, துறைமுகக் கிடங்கில் சாக்குத் தைக்கும் வேலை கிடைத்தது. கப்பலில் வரும் கோதுமை மூட்டைகளைக் கொக்கி போட்டு இழுக்கும்போது கிழிந்துபோகும். கிழிந்த வாயைக் கோணி ஊசியால் தைக்க வேண்டும். சிந்தியதைக் கூட்டி அள்ளவேண்டும். காலையிலிருந்து பொழுதுசாய அதே வேலை. சணல் தூசி தொண்டையில் படியும். விரல் நுனிகள் மரத்துப்போகும். வீட்டுக்கு வந்தால் உலை வைக்கக் கை எழாது. ஆனால் படுத்தால் தூக்கமும் வராது. வேலைக்களைப்பு என்றால் படுத்ததும் தூங்கிவிடலாம். இது வேறு ஏதோ களைப்பு. அது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தெரிந்து சொன்னவள் முத்தம்மா. காசிமேட்டு மீன்பிடிக் குடும்பத்துப் பெண். எதிரே உட்கார்ந்து தைப்பவள். அவள் வாய்க்குப் பயந்து மேஸ்திரியே தூரத்தில் நின்றுதான் வேலை சொல்லுவார்.

"தா மேரி, கோணி இன்னா பாவம் பண்ணுச்சு? பக்கத்து வூட்டுக்காரின்னு நெனச்சிகினு குத்துறியா?"

"ஒன் வேலயப் பாருமே."

"எங்க குப்பத்துல சண்டன்னா மணல்ல நின்னு ஒரு நாளு பூரா கத்துவோம். மண்ண வாரித் தூத்துவோம். தொண்ட கட்டிக்கும். மறாநாளு அவ வூட்லயே போயி மீன் கொயம்பு வாங்கித் துன்னுவோம். நீ இன்னாடான்னா ரெண்டு வருசமா வாயே தொறக்காம சண்ட போட்டுகினு கீற. ராவும் பகலும் போட்டுகினு கீற. அவ தூங்கறப்போகூட நீ போட்டுகினு கீற. ஒடம்பு எப்டிமே தாங்கும்?"

அடைக்கலமேரி தையலை இறுக்கினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

எழுபத்திரண்டில் ஒரு நாள் மாலை பலகைக்கு அப்பால் ஜார்ஜின் குரல் கேட்டது. ரயில்வே ஷெட்டில் வேலை பார்க்கும் அவனுக்கு ஜோலார்பேட்டைக்கு மாற்றல் ஆர்டர் வந்துவிட்டதாம். இந்த மாசக் கடைசி ஞாயிறு கிளம்ப வேண்டுமாம். "அய்யோ, அம்மாம் தூரமா?" என்றாள் ஆலிஸ்.

ஒழியட்டும் என்றுதான் அடைக்கலமேரி முதலில் நினைத்தாள். நினைத்த சந்தோஷம் வரவில்லை. சோற்றைப் பிசைந்தாள், தின்னாமல் மூடிவைத்தாள். இரண்டு வருஷமாக அந்தப் பலகையைப் பார்த்து முறைத்துப் பழகியவள் அவள். அவர்கள் போய்விட்டால் பலகைக்கு அப்பால் காலி வீடு இருக்கும். தன் கோபத்தைக் காலி வீட்டில் விட்டுவைக்க முடியாது. அது திரும்பி இந்தப் பக்கம்தான் வரும். வந்து, தான் இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காமல் வைத்திருந்த ஒரு மூலையில் உட்காரும். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அந்த ஞாயிறுக்குள் ஆலிஸிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்றால் சாகும்வரை பேசமுடியாது என்பது அவளுக்குப் புரிந்தது. பேசவும் வாய் வரவில்லை.

கடைசி ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, வேலை விட்டு வந்த சேலையோடு பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டாள். வழக்கமான பாவங்களைச் சொன்னாள். பொய் சொன்னேன், கறி ஆகாத வெள்ளிக்கிழமையில் மீன் குழம்பு என்று நினைத்துக் கறிக் குழம்பைத் தொட்டுவிட்டேன், மேஸ்திரியைத் திட்டினேன்.

"அந்த ஜெபமாலை?" என்றார் சாமியார் தட்டிக்குப் பின்னாலிருந்து.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பீடத்தைத் திருப்பிப் போட்டதிலேருந்து எனக்கு எல்லாம் தெரியுதும்மா. வாரா வாரம் விழுது."

அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. "அவ கொடம் ரொப்பிகினு நின்னா சாமி. எம் புருசனுக்கு உசுரு இருக்கசொல்ல எண்ண கெடைக்கல" என்றாள்.

"நானும் அன்னைக்கு லேட்டு பண்ணினேன்மா" என்றார் சாமியார். "பாதித் தெரு வந்துட்டு, மூக்குக்கண்ணாடி எடுக்கலேன்னு திரும்பிப் போனேன். கண்ணாடி இல்லாம எனக்கு ஜெபம் படிக்க வராது. தேடி எடுத்துட்டு வந்தேன். என் மேல கோவமா?"

"ஐயோ, இல்ல சாமி!"

"ஏன் இல்லை?"

அவள் தட்டியில் இருந்த சின்னச் சின்ன ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூலை தானாகத் திறந்துகொண்டது. யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது முந்தானை நனைந்திருந்தது. அழுகைகூடக் களைப்பாகத்தான் வந்தது.

"அவ மேல அன்பு வரலியே சாமி, நான் இன்னா பண்ணுவேன்?"

"அன்பு வரணும்னு இப்ப யாரு கேட்டா? அது வரும்போது வரட்டும். நாளைக்கு ஜெபமாலையை வீட்டுலயே வச்சிட்டு வாங்க. குனியாம நில்லுங்க. இந்த வாரத்துக்கு அது போதும்."

இவ்வளவு சின்ன அபராதத்தை அவள் அதுவரை வாங்கியதில்லை. நூறு மந்திரம் சொல்லச் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிறு விடியுமுன் எழுந்து, அதிர்ஷ்டமாகச் சந்துக் குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வைத்தாள். ஜெபமாலையை ஆணியில் மாட்டினாள். வெறுங்கையோடு நடப்பது வீட்டுச் சாவியை மறந்ததுபோல இருந்தது. மூன்றாவது தூணருகே போய் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. எழுந்து, கைகூப்பி, பக்கத்தில் திரும்பினாள்.

அங்கே நின்றது யாரோ எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெண். இடுப்பில் சளி ஒழுகும் குழந்தை. "சமாதானம்" என்றாள் அந்தப் பெண், சிரித்துக்கொண்டே. "சமாதானம்" என்றாள் இவளும். தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு வந்து கொடுத்தது வழிப்போக்கருக்குப் போய்விட்டது. ஆலிஸ் முதல் பூசைக்கே வந்துவிட்டுப் போயிருந்தாள். சாமான் ஏற்ற வண்டி வரும் நாள் அல்லவா? அது இவளுக்குத் தோன்றவே இல்லை.

இறுதி ஆசீருக்குக்கூட நிற்காமல் வெளியே வந்தாள். நடந்தாள். வெயில் ஏறிவிட்டது. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் புழுதியை வாரி அடித்தன. கால் வலித்தது. போகட்டும், என்னால் ஆனது இவ்வளவுதான், சாமியார் சொன்னபடி குனியாமல் நின்றாயிற்று என்று பாதி வழியில் ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தில் ஒரு சுகமும் இருந்தது. அவள் அதோடு கொஞ்ச தூரம் நடந்தாள். சந்து முனையில் அதை விட்டுவிட்டாள்.

வீட்டு முன்னால் கைவண்டி நின்றது. ஜார்ஜ் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். பாத்திரம் எல்லாம் சாக்குக்குள் போய்விட்டிருந்தது. குழாயடியில் இருபது குடம் வரிசையில் நிற்க, அதற்கும் கடைசியில் ஆலிஸ் ஒரு பித்தளைக் கூஜாவோடு நின்றாள். ரயிலில் பிள்ளைக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும். ஊரைவிட்டுப் போகிறவள்தானே என்று யாரும் இடம் விடவில்லை. கேட்கவும் அவள் கூசினாள் என்று தெரிந்தது. அந்தச் சந்தில் குழாய் என்றால் ஆலிஸின் பேச்சு வந்துவிடும்.

அடைக்கலமேரி வீட்டுக்குள் போனாள். காலையில் பிடித்த குடம் மூலையில் இருந்தது. அன்றைய சமையலுக்கு அவ்வளவுதான். தூக்கி இடுப்பில் வைத்தாள். வெளியே வந்து குழாயடியைப் பார்த்து நடந்தாள்.

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. புஷ்பவல்லிதான் முதலில் வாய் திறந்தாள். "அடேயப்பா! மானம் கறுக்குதுடி. இன்னிக்கு மழ தான்!"

"மழ வந்தா மொதல்ல ஒன் வாய நனச்சுக்க" என்றாள் அடைக்கலமேரி, நின்று பார்க்காமல். ஆலிஸின் முன்னால் போய்க் குடத்தை இறக்கினாள்.

"இந்தா. இத்த ரொப்பிக்க."

இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் வார்த்தை. ஆலிஸ் கூஜாவின் மூடியைத் திறந்தாள். அடைக்கலமேரி குடத்தைச் சாய்த்தாள்.

"யக்கா, அன்னிக்கு..."

"தண்ணி சிந்தப் போவுது. நேரா புடி."

"ஒரு கொடம்க்கா" என்றாள் ஆலிஸ் கூஜாவையே பார்த்துக்கொண்டு. "எல்லாரும் ரெண்டுன்றாங்க. ஒண்ணுதான். ஆனா நின்னேன். ஓடிகினு இருந்தவ தண்ணியப் பாத்ததும் நின்னேன். அது ரொம்பற வரிக்கும் நின்னேன். ஏன் நின்னேன்னு இன்னி வரிக்கும் எனக்குத் தெர்லக்கா."

ஒன்றோ இரண்டோ, அவள் நின்றது நிஜம். அது ஒரு நாளும் இல்லையென்று ஆகப்போவதில்லை. அடைக்கலமேரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்பு பொங்கவில்லை. ஆனால் அந்தக் குடம் எவ்வளவு சின்னக் குடம் என்று கண்ணில் பட்டது.

"அதுக்கு மொத நா ராத்திரியே அவரு மாரு வலிக்குதுன்னாரு" என்றாள், வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில். "நாள் பூரா பீடி குடிச்சா மாரு வலிக்காம பூவா பூக்கும்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துகினேன். அலுப்பா இருந்துச்சு. மறுபடி ஒருதரம் கூப்டாரு. தூங்கற மாரி இருந்துட்டேன். நீ நின்னது ஒரு கொடம், ஆலிசு. நான் படுத்தது ஒரு ராத்திரி."

ஆலிஸ் நிமிர்ந்தாள். "தெரியும்க்கா."

"இன்னாது?"

"பலகதானேக்கா. நீ சொன்னதும் கேட்டுச்சு. அவரு ரெண்டாந் தரம் கூப்டதும் கேட்டுச்சு."

கூஜா நிரம்பி வழிந்து இருவர் காலையும் நனைத்தது. அடைக்கலமேரிக்குக் குடத்தை நிமிர்த்தத் தோன்றவில்லை. இரண்டு வருஷம். இந்தக் குழாயடியில் இவர்கள் அத்தனை பேரும் ஆலிஸை வாய்க்கு வந்தபடி பேசியபோது, தான் ஜெபமாலையைத் தவறவிட்டு ஊருக்கெல்லாம் அவளைக் காட்டிக்கொடுத்தபோது, ஆலிஸ் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை. தன் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை என்பது, கயிறு கட்டிக்கொண்டே இவளைப் பார்த்துக் கும்பிட்ட ஜார்ஜின் முகத்தில் தெரிந்தது.

"ஏன்டி சொல்லல?"

"நீயே தாங்க முடியாம கெடந்த. அதுல இத்த வேற எதுக்கு?"

ஆலிஸ் கூஜாவை மூடினாள். அவள் முகமும் களைத்துத்தான் இருந்தது. இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும் அதை அடைக்கலமேரி பார்த்ததில்லை. பார்க்காமல் இருக்கத்தானே குனிந்தாள்.

"நாழியாவுது!" என்று ஜார்ஜ் கூப்பிட்டான். வண்டி நகர்ந்தது. அடைக்கலமேரி சந்து முனைவரை கூடவே போனாள். அங்கே நின்று, ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கூப்பினாள். ஒரு கையில் கூஜாவும் ஒரு கையில் பிள்ளையுமாக இருந்ததால் ஆலிஸால் கும்பிட முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஏழு மணிக்கு ஆரமிக்கா" என்றாள் போகும்போது. "நான் அங்கருந்து சொல்றேன்."

அன்று சமையலுக்குத் தண்ணீர் இல்லை. பழைய சோற்றைத் தின்றுவிட்டு அடைக்கலமேரி படுத்துக்கிடந்தாள். ஆறாத ஒன்று இன்னும் உள்ளே இருந்தது. அது நாளைக்கும் இருக்கும். நாளைக்கும் அதோடு எழுந்து, கிடங்குக்குப் போய், முத்தம்மாவின் வாயைக் கேட்டுக்கொண்டு, சாக்குத் தைக்க வேண்டும். கிழிந்ததெல்லாம் ஒரே நாளில் தைத்து முடிகிற வேலையை அவள் எந்தக் கிடங்கிலும் பார்த்ததில்லை.

ஏழு மணிக்கு எழுந்தாள். ஆணியிலிருந்து ஜெபமாலையை எடுத்தாள். தலைகீழ் அம்புக்குறி போட்ட பலகையில் சாய்ந்து உட்கார்ந்தாள். முதல் பாதியை வாய்விட்டுச் சொன்னாள். காலி வீட்டில் குரல் லேசாக எதிரொலித்தது. சொல்லிவிட்டு நிறுத்தினாள். இரண்டாம் பாதி சொல்லி முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவு நேரம் காத்திருந்தாள். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அடுத்த மணிக்கு விரலை நகர்த்தி, தன் பாதியை மறுபடி தொடங்கினாள்.

மூன்றாவது பத்தில் காத்திருக்கும்போதே தூங்கிப்போனாள்.